சூனியப் பாதிப்புக்கு ஓதிப் பார்த்தல்: முதன்முறையாக நாடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடலோரமாக நீளும் ஊர்களில், காரணம் புரியாத துன்பம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சில நாட்களுக்குள் யாராவது ஒருவர் சூனியம் என்ற சொல்லை எடுத்துவிடுகிறார். சபுர் (வெளிநாட்டுப் பயணம்) சென்ற கணவர் பேசாமல் இருப்பது, மகளுக்கு வந்த சம்பந்தங்கள் தொடர்ந்து தட்டிப்போவது, 61 நாள் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகு வெறும் வலையோடு திரும்புவது எல்லாம் அந்தச் சொல்லில் வந்து சேர்கின்றன. அதைக் கேட்டதும் பதறிப்போய், யாரிடம் போவது, என்ன ஓதுவது, எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். குர்ஆன் வசனங்களையும் நபிவழி வேண்டுதல்களையும் ஓதி அல்லாஹ்விடம் குணம் தேடும் ஓதிப் பார்த்தல்தான் மார்க்கம் காட்டும் வழி, அது எளிமையானது. அதன் பெரும் பகுதியை நீங்கள் உங்கள் வீட்டிலிருந்தே, ஒரு காசு செலவில்லாமல் செய்து கொள்ள முடியும்.

முதலில் நம்பிக்கையை நேராக்கிக் கொள்ளுங்கள்

சூனியம் உண்டு என்பதைக் குர்ஆன் கூறுகிறது. அதே இடத்தில் அதன் எல்லையையும் வகுத்துவிடுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம், கணவன் மனைவிக்கிடையே பிரிவை உண்டாக்கும் வித்தையைச் சிலர் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் அனுமதியின்றி அவர்களால் எவருக்கும் எந்தத் தீங்கும் செய்ய முடியாது என்று உறுதி கூறுகிறது. ஓத உட்காருவதற்கு முன் இந்த வசனத்தின் பொருளை நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து ஒருமுறை படித்துக் கொள்வது நல்லது, ஏனென்றால் இப்பகுதியில் பலரை வாட்டுவது சூனியத்தை விடச் சூனியத்தைப் பற்றிய பயமே என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். சூனியம் செய்வது ஏழு பெரும் பாவங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சூனியத்தை இன்னொரு சூனியத்தால் எடுக்கப் போவதும் அதே பாவத்தின் வாசலில் போய் நிற்பதுதான்.

மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்

ஒரு தாளை எடுத்து, என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு முதலில் மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாத சோர்வும் முடி கொட்டுதலும் எடை மாற்றமும் தைராய்டுக் கோளாறால் வரலாம். திடீரென்று விழுந்து கை கால் வெட்டி இழுப்பது வலிப்பு நோயாக இருக்கலாம். விழிப்பு வந்தும் உடலை அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் தோன்றுவதை நம் ஊர்களில் அமுக்குவான் என்கிறார்கள். தூக்கக் குறைவால் பலருக்கும் வரக்கூடிய நிலை அது. பிள்ளை பெற்று நாற்பது நாள்கூடக் கழியாத பெண், குழந்தையைத் தொட மறுத்துச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால், அவளுக்குப் பேறுகாலத்துக்குப் பின் வரும் மன அழுத்தமாக இருக்கலாம். அவள் காதில் ஒலிகள் கேட்பதாகச் சொன்னாலோ, தன்னையோ குழந்தையையோ முடித்துக்கொள்வதாகப் பேசினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

"அல்லாஹ்வின் அடியார்களே, மருந்து செய்து கொள்ளுங்கள்" என்பது நபிமொழி. ஆகவே மருத்துவரிடம் போவதால் ஓதுவதன் மீதுள்ள நம்பிக்கை குறைந்துவிட்டது என்று ஆகாது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குபவர்கள் டெலி மானஸ் எனப்படும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஓதுகிறோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்துமாறு எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். குறிப்பாக வலிப்பு, சர்க்கரை, மனநோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

ஐவேளைத் தொழுகை விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கையிலும் இடுப்பிலும் கட்டிய முடிகயிறு, நிலைக்கதவில் அடித்த செப்புத் தகடு, தலையணைக்குள் தைத்துவைத்த எண் கட்டத் தாள் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். குர்ஆன் வசனம் மட்டும் எழுதிய தாயத்தைப் பற்றி முற்காலத்திலிருந்தே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தாயத்தை வெறுத்தார்கள், வேறு சிலர் குர்ஆன் வசனத்துக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஆலோசனை, கட்டித் தொங்கவிடுவதை விட்டு நாவால் ஓதுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே. ஓதுவதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாயத்தை வைத்திருக்கவே கூடாது. கழற்றும்போது வரும் பயம் இயல்பானது. பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) என்று சொல்லி, குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களான ஃபலக், நாஸ் ஆகியவற்றை ஓதியபடி கழற்றுங்கள்.

அல்பகரா அத்தியாயம் ஓதப்படும் வீட்டை விட்டு ஷைத்தான் வெருண்டோடுகிறான் என்று முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. முழுவதும் ஒரே அமர்வில் ஓத இயலாதவர்கள் பகுதி பகுதியாக, வீட்டிலுள்ளோர் பகிர்ந்துகொண்டு ஓதலாம். ஓதத் தெரியாத முதியவர்கள் ஒலிப்பதிவைக் கேட்பது நன்மையே; ஆனாலும் தெரிந்த சிறு அத்தியாயத்தைத் தம் நாவால் ஓதுவது அதைவிட மேல்.

ஓதும் முறை

ஓதிப் பார்த்தல் ஆகுமானதாக இருக்க அறிஞர்கள் மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்கள். ஓதப்படுவது அல்லாஹ்வின் வேதமாகவோ அவனுடைய பெயர்களாகவோ நபிவழியில் வந்த துஆவாகவோ (வேண்டுதலாகவோ) இருக்க வேண்டும். பொருள் விளங்கும் சொற்களாக இருக்க வேண்டும். குணமளிப்பவன் அல்லாஹ்வே, ஓதுதல் ஒரு காரணம் மட்டுமே என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். இணைவைத்தல் கலவாதவரை ஓதிப் பார்ப்பதில் தவறில்லை என்று நபியவர்கள் அனுமதித்த செய்தி முஸ்லிமில் உள்ளது.

இரவு உறங்கும் முன் செய்யும் முறையை முதலில் பழகுங்கள், ஏனென்றால் அது நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு இரவும் செய்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது. வுளூச் செய்து (தொழுகைக்கு முன் செய்வதுபோல் முகம், கை, கால் கழுவி) படுக்கையில் அமர்ந்து, துஆவுக்கு ஏந்துவதுபோல் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொள்ளுங்கள். இக்லாஸ், ஃபலக், நாஸ் ஆகிய மூன்று சிறு அத்தியாயங்களையும் ஓதி, உமிழ்நீர் தெறிக்கிறதோ இல்லையோ என்ற அளவுக்கு மெல்ல ஊதி, அந்தக் கைகளால் தலையிலும் முகத்திலும் தொடங்கி உடலின் முன்பக்கத்தில் கை எட்டும் வரை தடவுங்கள். இவ்வாறு மூன்று முறை. பின்னர் அல்பகராவின் 255ஆம் வசனமான ஆயத்துல் குர்ஸியையும் அதே அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்களையும் ஓதிவிட்டுப் படுங்கள். அவசரமாக முணுமுணுப்பதைக் காட்டிலும், நீங்களே உங்கள் குரலைக் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி ஓதுவது மனத்தைப் பெரிதும் அமைதிப்படுத்தும்.

பாதிப்பு இருப்பதாக நினைப்பவருக்குப் பகலிலும் ஓர் அமர்வு தேவை. சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகோ அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகோ வீடு அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவைத் தொடக்கமாக வைத்து, ஆயத்துல் குர்ஸி, அல்பகரா 102, அஃராஃப் 117 முதல் 122 வரை, யூனுஸ் 81, 82, தாஹா 65 முதல் 69 வரை, பிறகு இக்லாஸ், ஃபலக், நாஸ் என்ற வரிசையில் ஓதலாம். இடையிலுள்ள வசனங்கள் மூஸா (அலை) அவர்களுக்கு முன் ஃபிர்அவ்ன் என்ற எகிப்து மன்னனின் சூனியக்காரர்கள் தோற்றதைச் சொல்பவை. "நீங்கள் கொண்டு வந்தது சூனியம், அல்லாஹ் அதை அழித்துவிடுவான்" என்பது யூனுஸ் அத்தியாயத்தின் கருத்து. இந்த வரிசை அறிஞர்கள் அனுபவத்தில் தொகுத்தது என்பதால் ஒன்று விட்டுப்போனால் பலன் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஃபாத்திஹா மட்டுமே தெரிந்தவருக்கு ஃபாத்திஹாவே போதும்: பயணத்தில் இருந்த நபித்தோழர் ஒருவர், தேள் கொட்டிய ஒரு கூட்டத்துத் தலைவருக்கு ஃபாத்திஹாவை மட்டும் ஓதினார், அவர் எழுந்து நடந்தார் என்பது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி.

வலியுள்ள இடத்தில் கை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, "அஊது பில்லாஹி வ குத்ரத்திஹி மின் ஷர்ரி மா அஜிது வ உஹாதிர்" என்று ஏழு முறை ஓதுவது உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்தது. நான் உணர்கிற, அஞ்சுகிற தீங்கிலிருந்து அல்லாஹ்விடமும் அவனுடைய ஆற்றலிடமும் பாதுகாப்புத் தேடுகிறேன் என்பது அதன் பொருள். பிறருக்கு ஓதும்போது, "அத்ஹிபில் பஃஸ ரப்பன்னாஸ், இஷ்ஃபி அன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா" என்று ஓதுங்கள். அரபி நாவில் வராவிட்டால், "மக்களின் இறைவனே, துன்பத்தைப் போக்கு, குணப்படுத்துபவன் நீயே" என்று தமிழில் உருகிக் கேட்பதற்கும் தடையில்லை. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் கேட்கும் துஆவையும் இரவின் கடைசிப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.

இக்கரையோரத்தில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள் என்பதால் பெண்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு சந்தேகங்களைச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நாட்களில் ஓதலாமா என்றால், குர்ஆனாக ஓதும் எண்ணமின்றி, பாதுகாப்புத் தேடும் திக்ராகவும் (இறைநினைவாகவும்) துஆவாகவும் மனப்பாடமாகச் சொல்லிக்கொள்ள ஷாஃபிஈ சட்டத்தில் இடமுண்டு; நபிவழித் துஆக்களுக்குத் தடையே இல்லை. கணவர் மனைவிக்கு ஓதும்போது தோலில் கை பட்டால் வுளூ முறியும் என்ற சட்டம் இருப்பதால், முக்காட்டுத் துணியின் மேல் கை வைத்து ஓதினால் தடுமாற்றம் இருக்காது.

தண்ணீரும் இலந்தை இலையும்

ஓதி ஊதிய தண்ணீரைக் குடிப்பதும் அதில் குளிப்பதும் முன்னோர் செய்துவந்த முறை. இலந்தை இலை வைத்தியம் என்பது நபிமொழி அன்று. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான தாபிஈன்களில் ஒருவரான வஹ்ப் இப்னு முனப்பிஹ் அவர்களிடமிருந்து வருவது. அதை அந்த அளவிலேயே வைத்துப் பயன்படுத்த வேண்டும். நம் பகுதியின் வறண்ட மண்ணில் இலந்தைக்குப் பஞ்சமில்லை. பச்சை இலை ஏழு பறித்து, மண்ணும் பூச்சியும் போகக் கழுவி, இரு கற்களுக்கிடையே வைத்து இடித்தால் கொழகொழப்பான பசையாகும். அதை ஒரு வாளி நல்ல தண்ணீரில் கரைத்து, ஆயத்துல் குர்ஸியையும் இக்லாஸ், ஃபலக், நாஸ் அத்தியாயங்களையும் ஓதி ஊதி, மூன்று மிடறு குடித்துவிட்டு மீதியில் குளிக்க வேண்டும். கழிவறைக்குள் அந்தத் தண்ணீரை ஊற்றாமல் முற்றத்திலோ செடி நிற்கும் இடத்திலோ குளிக்க வசதி செய்துகொள்வது மரியாதை. மதீனாவின் அஜ்வா பேரீச்சம்பழம் கிடைத்தால் காலையில் ஏழு பழம் சாப்பிடுங்கள். அன்றைய நாளில் விஷமும் சூனியமும் தீண்டாது என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. கிடைக்காதவர்கள் கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அல்ல அது.

வயிற்றில் இடுமருந்து இருக்கிறது என்று சொல்லி, பெயர் தெரியாத சாறைக் குடிக்கவைத்து வாந்தியெடுக்கச் செய்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

பிறரிடம் ஓதச் செல்வதானால்

தானே ஓதிக்கொள்ளும் நிலையில் நோயாளி இல்லையென்றால், வாப்பா, உம்மா, கணவர், மனைவி, பிள்ளைகள் ஓதுவதே முதல் தேர்வு. நோயாளி படும் துன்பத்தைப் பார்த்துக் கலங்கிய நெஞ்சோடு கேட்பவரின் துஆவுக்கு ஈடு வெளியாரிடம் கிடைப்பது அரிது. அதற்கும் வழியில்லாதபோது உங்கள் மஹல்லாவின் (பள்ளிவாசல் பகுதியின்) இமாமையோ, மார்க்கப் பேணுதலுக்காக ஊரார் மதிக்கும் ஓர் ஆலிமையோ (மார்க்க அறிஞரையோ) அணுகுங்கள். விளம்பரத்தைப் பார்த்து வெளியூருக்குப் போகும் முன் ஜமாஅத்தில் விசாரியுங்கள்.

எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். நோயைக் கேட்காமல் நோயாளியின் தாயார் பெயரைக் கேட்பவர், உடுத்திய துணியையும் தலைமுடியையும் கொண்டு வரச் சொல்பவர், கருப்புச் சேவலோ கருப்பு ஆடோ கேட்பவர், மை போட்டும் பால் கிதாபு என்ற குறி நூலைத் திறந்தும் மறைவானதைச் சொல்பவர், குர்ஆன் வசனத்தை உரக்க ஓதிவிட்டு இடையில் புரியாத பெயர்களை முணுமுணுப்பவர், எண்களால் கட்டம் கட்டித் தகடு கொடுப்பவர் ஆகியோரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். குறிகாரனிடம் சென்று ஒன்றைக் கேட்டாலே நாற்பது இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிமில் இருக்கிறது. பெண்ணைத் தனியறைக்கு அழைப்பவரும், உடலைத் தொடுபவரும், ஜின்னை விரட்டுவதாகச் சொல்லிப் பிரம்பால் அடிப்பவரும், மூச்சை அடைக்கும்படி புகை போடுபவரும் எவ்வளவு பெரிய தலைப்பாகை கட்டியிருந்தாலும் ஓதிப் பார்ப்பவர் ஆக மாட்டார். பெண்களுக்கு ஓதும்போது தந்தை, கணவர், சகோதரர் போன்ற மஹ்ரம் ஒருவர் கடைசிவரை அருகில் இருக்க வேண்டும். அடியோ தொல்லையோ நேர்ந்தால் ஜமாஅத்தோடு நிறுத்தாமல் காவல் நிலையத்திலும் சொல்லுங்கள்.

அன்பளிப்பு கொடுப்பது கூடும்; தேள் கடிக்கு ஓதிய தோழர்கள் ஆடுகளைப் பெற்றுக்கொண்டதை நபியவர்கள் அங்கீகரித்தார்கள். இன்னும் ஒரு கட்டு இருக்கிறது, இன்னும் இவ்வளவு ஆகும் என்று ஒவ்வொரு முறையும் தொகையை ஏற்றுவது வேறு விஷயம். நகையை அடகு வைக்கச் சொல்லும் இடத்தில் நிவாரணத்தைத் தேடாதீர்கள்.

யார் செய்தது என்று தேடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கே லபீத் இப்னுல் அஃஸம் என்பவன் சூனியம் செய்தான். சீப்பிலும் அதில் சிக்கிய முடியிலும் செய்து, ஆண் பேரீச்சம் பாளையின் உறையில் வைத்து, தர்வான் என்ற கிணற்றில் போட்டிருந்தான். செய்தவன் யார், எங்கே வைத்தான் என்பதை வானவர்கள் மூலம் அல்லாஹ்வே அறிவித்தான். உறுதியான ஆதாரம் இதைவிட வேறு என்ன வேண்டும்? அப்படியிருந்தும் நபியவர்கள் அவனைப் பற்றி ஊரில் பேச்சைக் கிளப்பவில்லை. அல்லாஹ் எனக்குக் குணமளித்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளறிவிட நான் விரும்பவில்லை என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுக் கிணற்றை மூடச் செய்தார்கள்.

நமக்கு வஹீ என்ற இறைச்செய்தி வருவதில்லை. ஓதுபவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "தெற்குப் பக்கத்து வீட்டுப் பெண், உங்களுக்கு உறவு" என்று சொன்னால், எல்லா வீட்டுக்கும் தெற்கே ஒரு வீடு இருக்கிறது, அதில் ஓர் உறவுக்காரப் பெண்ணும் இருக்கிறாள். கீழக்கரை போல மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வைத்துக்கொள்ளும் ஊர்களில், உம்மாவும் ராத்தாவும் (அக்காவும்) சாச்சியும் (சின்னம்மாவும்) அடுத்தடுத்த வீடுகளில் ஆயுள் முழுவதும் வாழ்கிறார்கள். அவர்களுக்கிடையே போடப்படும் அந்த ஒரு வார்த்தை, பெருநாளில்கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காத பகையாகித் தலைமுறை கடந்து நிற்கிறது. நோயாளியின் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தாலும், ஜின் பேசியதாகச் சொல்லப்பட்டாலும் அது சாட்சி ஆகாது, ஷைத்தான் பொய்யன். கனவில் வந்த முகமும் சாட்சி ஆகாது. ஒருவர் மீது சந்தேகம் வந்துவிட்டால் அதை வீட்டுக்குள் பேசாமல், அவருக்கும் சேர்த்து துஆச் செய்யுங்கள்.

நிலைப்படிக்குக் கீழே முடிச்சுப் போட்ட கயிறோ, ஊசி குத்திய துணியோ, தகடோ உண்மையிலேயே தென்பட்டால் ஃபலக், நாஸ் ஓதி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஊசியைப் பிடுங்கி, எரிக்கக்கூடியதை எரித்து மீதியை ஆளில்லாத இடத்தில் புதைத்துவிடுங்கள். கைப்பேசியில் படமெடுத்து உறவுக் குழுக்களில் பரப்புவதைத் தவிருங்கள். தென்படாவிட்டால் வீட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அது எங்கே கிடந்தாலும் அல்லாஹ் அதைச் செல்லாததாக்க வல்லவன்.

ஏர்வாடிக்குப் போகிறவர்களுக்கு

நோயாளியை ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய்த் தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களும் தொலைவிலிருந்து வருகிறார்கள். சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்பவர், நிவாரணத்தைக் கேட்பது அல்லாஹ்விடம் மட்டுமே என்பதில் தெளிவாக இருக்கட்டும். நோயாளியை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பாதீர்கள், கூட இருங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கிடந்த நோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைச் சொந்தக் குடும்பமே அங்கே விட்டுச் சென்றிருந்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தடை தர்காவுக்கும் பொருந்தும், உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் பொருந்தும்.

எவ்வளவு காலம்

இத்தனை நாளில் குணம் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஓதும்போது அழுகை வருவதும் கொட்டாவி வருவதும் உடல் நடுங்குவதும் சூனியம் இருப்பதற்கான சான்று என்று முடிவு கட்டாதீர்கள், பயத்திலும் களைப்பிலும் அவையெல்லாம் வரும். எதுவுமே உணராமல் இருப்பதும் தோல்வி அன்று. வாரம் ஒருமுறை அந்தப் பழைய தாளை எடுத்துத் தூக்கம், பசி, வேலை, பேச்சு ஆகியவற்றில் மாற்றம் உண்டா என்று பாருங்கள். மோசமாகிறது என்றால் அடுத்த ஓதுபவரைத் தேடும் முன் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.

தேறிய பிறகும் "பிஸ்மில்லாஹில்லதீ லா யளுர்ரு மஅஸ்மிஹி ஷைஉன் ஃபில் அர்ளி வலா ஃபிஸ் ஸமாஇ வஹுவஸ் ஸமீஉல் அலீம்" என்பதைக் காலையும் மாலையும் மூன்று முறை ஓதி வாருங்கள். பிள்ளைகளுக்கு, ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபியவர்கள் ஓதிய "உஈதுகுமா பிகலிமாதில்லாஹித் தாம்மா, மின் குல்லி ஷைத்தானின் வஹாம்மா, வமின் குல்லி அய்னின் லாம்மா" என்பதை ஓதி ஊதுங்கள். ஒரு பிள்ளை என்றால் மகனுக்கு உஈதுக, மகளுக்கு உஈதுகி என்று தொடங்க வேண்டும். மருந்தின் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொன்ன பிறகு மட்டுமே நடக்கட்டும்.